கடற்கரையில் வைத்த கேமராவுக்குக் காப்புரிமை கிடைக்குமா?

கேள்வி:

ஐயா, மண்டபத்தில் சிசிடிவி பொருத்தித் தரும் கடை வைத்திருக்கிறேன். படித்தது எலக்ட்ரானிக்ஸ். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் சும்மா கட்டிக் கிடக்கும்போது பேட்டரி, வலை, டீசல் கேன் எல்லாம் காணாமல் போகும். அதற்காக ஒரு கேமரா செய்தேன். இருந்த பொருளை யாராவது எடுத்தாலும், புதிதாக ஒன்றை வைத்துவிட்டுப் போனாலும் கண்டுபிடித்துப் போனுக்குத் தகவல் அனுப்பும். ஒரு கல்லூரிக் கண்காட்சியில் வைத்தேன். வடகடல் பக்கம் ஒரு ஜெட்டியில் (படகுத்துறையில்) நான்கு மாதம் ஓட்டிப் பார்த்தேன். பிறகு நானே காப்புரிமைக்கு (பேட்டன்ட்) விண்ணப்பித்தேன். சென்னை அலுவலகத்திலிருந்து முதல் பரிசோதனை அறிக்கை வந்து நான்கு மாதம் ஆகிறது. காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவில் அடிபடுகிறது, மூன்று பழைய ஆவணங்களைச் சேர்த்தால் இதில் புதிதாக ஒன்றுமில்லை, கிளெய்ம்கள் (எதற்கு உரிமை கேட்கிறேன் என்று சொல்லும் பத்திகள்) தெளிவாக இல்லை என்று ஆட்சேபணைகள். ஒரு கன்சல்டன்ட், ‘ஹார்டுவேரை உள்ளே எழுதிவிட்டால் போதும்’ என்கிறார். நண்பன், ‘இதை விட்டுவிட்டுக் காப்பிரைட் வாங்கு’ என்கிறான். கடற்கரையில் இப்படி யாரும் செய்ததில்லையே, அது போதாதா? அடுத்து ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்திலும் வைக்க நினைக்கிறேன். இன்னொன்று: படகு ஆடினாலும் கேமரா ஏமாறாமல் இருக்க, படகில் எழுதியிருக்கும் நம்பரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னது என் மச்சான். படகு வைத்திருப்பவர், எட்டாவது வரை படித்தவர். அவர் பெயரைப் போடத் தேவையில்லை என்று கன்சல்டன்ட் சொல்கிறார். சரியா? விண்ணப்பத்தையும் அறிக்கையையும் இணைத்திருக்கிறேன்.

— ஒரு வாசகர், மண்டபம்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் தேதி, மற்றதெல்லாம் அப்புறம். அறிக்கை வெளியான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் உங்கள் பதில் போய்ச் சேர வேண்டும். மீதி இருப்பது இரண்டு மாதம். போதாது என்று தோன்றினால், அந்த ஆறு மாதம் முடிவதற்குள்ளேயே ஃபார்ம் 4 கொடுத்து மூன்று மாதம் வரை நீட்டிக்கக் கேட்கலாம். இரண்டையும் விட்டுவிட்டால் 21ஆம் பிரிவின்படி விண்ணப்பத்தை நீங்களே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். அதன்பிறகு உங்கள் வாதம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கேட்க வைப்பது கஷ்டம். அறிக்கை மின்னஞ்சலில் வருவதால், ஸ்பேமில் கிடந்தே செத்துப்போகும் விண்ணப்பங்கள் உண்டு. நீங்கள் பார்த்துவிட்டீர்கள், நல்லது.

‘கடற்கரையில் யாரும் செய்ததில்லை’ என்பதைப் பதிலில் எழுதவே எழுதாதீர்கள். தெரிந்த ஒரு கருவியைப் புது இடத்துக்குக் கொண்டுபோனதற்குக் காப்புரிமை கிடையாது. ஆனால் அந்த இடம் கருவிக்கு என்ன தொல்லை கொடுத்தது, அதை எந்த உத்தியால் சமாளித்தீர்கள் என்பதற்குக் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. உங்கள் விண்ணப்பத்தை முழுக்கப் படித்தேன். ஏழு கிளெய்ம்களும் ஊரறிந்த சங்கதியைப் பேசுகின்றன. உங்களுடைய சொந்தச் சரக்கு ஒன்பதாம் பக்கத்தில் ஒரு பத்தியாகவும் பதினோராம் பக்கத்தில் இன்னொரு பத்தியாகவும் கேட்பாரற்றுக் கிடக்கிறது. பரிசோதகர் கிளெய்ம்களைத்தான் அளப்பார். அவர் எழுதிய அறிக்கையில் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை.

ஊரறிந்த சங்கதி என்று ஏன் சொல்கிறேன் என்றால், விட்டுச்சென்ற பொருளையும் எடுத்துச்சென்ற பொருளையும் கேமராவை வைத்துக் கண்டுபிடிப்பது இருபது வருடத்துக்கும் மேலாக ஆராய்ச்சியாளர்கள் உழுத நிலம். 1999இல் ஸ்டாஃபர், கிரிம்சன் என்ற இருவர், படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ‘வழக்கமாக இங்கே என்ன நிறம் இருக்கும்’ என்று கணக்கு வைத்து, அதிலிருந்து விலகுவதைப் பிரித்தெடுக்கும் முறையை வெளியிட்டார்கள். இன்றைக்கும் பல கேமராக்களின் அடிவேர் அதுதான். 2004இல் மாட்ரிட் ரயில்களில் விட்டுச்சென்ற பைகளில் குண்டுகள் வெடித்தன. கேட்பாரற்ற பையைக் கண்டுபிடிக்கும் வேலை அந்தக் காலத்தில் சூடுபிடித்தது. 2006இல் பெட்ஸ் என்ற ஆராய்ச்சிக் கருத்தரங்குக்காக லண்டன் விக்டோரியா ரயில் நிலையத்தில் எடுத்த காட்சிகளைப் பொதுவில் வைத்து, ‘உங்கள் நிரல் இந்தப் பையைப் பிடிக்கிறதா பாருங்கள்’ என்று உலகத்துக்கே சவால் விட்டார்கள். காப்புரிமைகளும் அதே காலத்திலிருந்து நிறைய. பெரிய கேமரா கம்பெனிகளிடம் இதே தலைப்பில் காப்புரிமைகள் இருக்கின்றன.

உங்கள் முதல் கிளெய்ம் சொல்வது இதுதான்: கேமரா இரண்டு பின்னணிப் படங்களை நினைவில் வைத்திருக்கிறது. ஒன்று வேகமாகப் புதுப்பிக்கப்படும், மற்றது மெதுவாக. யாராவது ஒரு பையை வைத்துவிட்டுப் போனால், வேகமான பின்னணி கொஞ்ச நேரத்தில் பையையும் காட்சியின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொள்கிறது. மெதுவானது இன்னும் பழைய காட்சியையே வைத்திருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தப் பை. நடந்துபோகும் ஆள், பறக்கும் காக்கை எல்லாம் எந்தப் பின்னணியிலும் தங்காததால் கணக்கில் வராது.

இதே வித்தியாசம், இருந்த பொருளை எடுத்தாலும் வரும். ஆகவே ‘ஏதோ மாறியது, மாறியபடியே நிற்கிறது’ என்பது வரைதான் கேமராவுக்குத் தெரியும். வைத்ததா, எடுத்ததா என்று பிரிக்க, மாறிய பகுதியின் ஓரக்கோட்டை உற்றுப் பார்க்க வேண்டும். இப்போதைய படத்தில் அந்த ஓரத்தில் விளிம்பு இருந்தால் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. பழைய பின்னணியில் மட்டும் விளிம்பு இருந்தால் அங்கிருந்தது போய்விட்டது. நீங்கள் மூன்றாவது கிளெய்மில் இதைத்தான் எழுதியிருக்கிறீர்கள், சுயமாக யோசித்துத்தான் எழுதியிருப்பீர்கள், நம்புகிறேன். ஆனால் சட்டத்துக்கு அது பொருட்டில்லை. உங்களுக்கு முன் உலகத்தில் எங்காவது, எந்த மொழியிலாவது வெளியாகியிருந்தால் போச்சு. பரிசோதகர் டி1, டி2 என்று பெயரிட்டுக் காட்டிய பழைய ஆவணங்கள் இரண்டிலும் இது அப்படியே இருக்கிறது. சண்டை போடாமல் விட்டுக்கொடுங்கள். விட்டுக்கொடுத்தால்தான் மற்றதில் சண்டை போட முடியும்.

நீங்களே தேடிப் பார்க்கவும் வேண்டும். எஸ்பாஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப், நம்முடைய இன்பாஸ் என்ற காப்புரிமைத் தேடல் தளங்கள் மூன்றும் இலவசம். வெறும் சொற்களைத் தட்டினால் குப்பையாகக் கொட்டும். வகைப்பாட்டு எண்களோடு தேடுங்கள்: ஜி08பி 13/196 கேமரா வைத்த திருட்டு எச்சரிக்கை, ஜி06வி 20/52 கண்காணிப்புக் காட்சிகள், ஜி06டி (G06T) 7/194 பின்னணியிலிருந்து முன்னணியைப் பிரிப்பது. இந்த மூன்றுக்குள் ஒரு வாரம் உட்கார்ந்தால், எது உங்களுடையது எது இல்லை என்று என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரிந்துவிடும்.

இப்போது அந்த ஒன்பதாம் பக்கத்துக்கு வருகிறேன். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கேமரா வைத்த கம்பம் ஆடுகிறது, ஆட ஆட படத்தில் உள்ள எல்லா விளிம்புகளும் நகர்கின்றன, பொய் எச்சரிக்கை கொட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த அளவுக்கு இது யாருக்கும் வரும் தொல்லை. அதற்கடுத்த வரிதான் முக்கியம்: நீண்ட நேரம் ஆடினால் மெதுவான பின்னணி அந்த ஆட்டத்தையே ‘வழக்கம்’ என்று கற்றுக்கொண்டு மங்கிவிடுகிறது; பிறகு காற்று நின்றபின் உண்மையாகவே பேட்டரியைத் தூக்கினாலும் கண்டுபிடிப்பதில்லை. இதைச் சரிசெய்யக் கேமரா உறைக்குள் சாய்வை அளக்கும் சின்ன சென்சார் ஒன்றை வைத்து, ஆட்டம் ஒரு வரம்பைத் தாண்டினால் பின்னணி கற்பதையே நிறுத்திவைக்கிறீர்கள்.

பரிசோதகர் டி3 என்று காட்டியிருப்பது கேமரா நடுக்கத்தைச் சென்சாரால் அளந்து படத்தை நேர்படுத்தும் கருவி. ‘டி1, டி2வோடு இதைச் சேர்த்தால் உங்களுடையது வந்துவிடும்’ என்பது அவர் கட்சி. உங்கள் பதில் இப்படி இருக்க வேண்டும்: டி3 படத்தைத் திருத்துகிறது; என்னுடையது படத்தைத் தொடவே இல்லை, கற்பதை நிறுத்துகிறது. டி3யை அப்படியே டி2வில் மாட்டினால் ஒரு திருத்திய படம் கிடைக்கும், பின்னணி அப்போதும் கற்றுக்கொண்டேதான் இருக்கும். நிறுத்த வேண்டும் என்ற யோசனைக்கு மூன்று ஆவணங்களிலும் ஒரு துப்பும் இல்லை. துறை தெரிந்த ஒருவர் இந்த மூன்றையும் மேசையில் வைத்துக்கொண்டு, உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்காமலே, அங்கே போய்ச் சேர்வாரா என்பதுதான் கேள்வி. 1978இல் உச்ச நீதிமன்றம் பிஷ்வநாத் பிரசாத் வழக்கில், பட்டறையில் செய்யும் சாதாரண மேம்பாடு கண்டுபிடிப்பாகாது என்று சொன்னதைக் காப்புரிமை அலுவலகத்தில் முடிவெடுக்கும் கன்ட்ரோலர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். எந்தத் தொல்லையால் எந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று படிப்படியாகக் காட்டினால் அந்த வழக்கைக் கண்டு பயப்பட வேண்டாம்.

பதினோராம் பக்கம் இதைவிட வலுவானது. படகு தண்ணீரில் கிடக்கிறது. ஏறி இறங்குகிறது, கயிறு தளரும் அளவுக்குத் திரும்புகிறது. மேலே இருக்கும் பேட்டரிப் பெட்டி, கேமராவுக்கு ஒரே இடத்தில் இருப்பதே இல்லை. ஓடும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வைத்த பையை, தெருவை அளவுகோலாக வைத்துத் தேடுவது மாதிரி. நீங்கள் படகில் எழுதியுள்ள பதிவு எண்ணின் இரு முனைகளைப் பிடித்து, படகின் உருவத்தை ஒவ்வொரு முறையும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்து பொருத்தி, அதற்கப்புறம்தான் பின்னணியோடு ஒப்பிடுகிறீர்கள். பின்னணி கரைக்கு இல்லை, படகுக்கு. அறிக்கையில் உள்ள மூன்று ஆவணங்களும் அசையாத தரையில் இருக்கும் பொருட்களைத்தான் பேசுகின்றன. படங்களைப் பொருத்துவது தனியாகத் தெரிந்த வித்தைதான், அதை மறைக்க வேண்டாம். ஆனால் ஆடும் ஒன்றின் மேல் இருக்கும் பொருள் எடுக்கப்பட்டதா என்று பார்க்க, ஆடும் அதற்கே தனிப் பின்னணி வைப்பது இந்த மூன்றிலும் இல்லை.

ஆகவே, முதல் கிளெய்ம் படகு எண்ணைப் பற்றியதாக இருக்கட்டும். கம்ப ஆட்டத்தை அதைச் சார்ந்த இரண்டாவது கிளெய்மாக வையுங்கள். இதற்கு ஒரு வியாபாரக் காரணமும் உண்டு. ஒரு கிளெய்மில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு அம்சமும் எதிராளியின் கருவியில் இருந்தால்தான் அவர் உங்கள் உரிமையை மீறியவர். நாளைக்குப் போட்டிக்காரர் கேமராவைக் கம்பத்தில் வைக்காமல் ஐஸ் பிளான்ட் சுவரில் பொருத்திவிட்டால் ஆட்டம் கிடையாது, சென்சார் தேவையில்லை, உங்கள் கிளெய்மிலிருந்து நழுவிவிடுவார். படகு மட்டும் எங்கே போனாலும் ஆடும்.

விண்ணப்பம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, நீங்களும் ஆங்கிலத்தில்தான் திருத்துவீர்கள். கருத்துக்காகத் தமிழில் ஒரு மாதிரி தருகிறேன்: “நீரில் கட்டப்பட்ட கலத்தின் மேலுள்ள பொருள் அகற்றப்பட்டதையோ வைக்கப்பட்டதையோ கண்டறியும் கருவி, அதில், கலத்தை நோக்கிப் பொருத்திய கேமரா, கலத்தின் மேற்பரப்பில் எழுதப்பட்ட பதிவு எண்ணின் குறைந்தது இரு புள்ளிகளை ஒவ்வொரு படத்திலும் கண்டு, அவற்றைக் கொண்டு கலத்தின் பகுதியை ஒரு நிலையான சட்டகத்துக்கு மாற்றும் செயலி, அந்தச் சட்டகத்துக்குள் மட்டும் வேகமாகவும் மெதுவாகவும் புதுப்பிக்கப்படும் இரு பின்னணிகளை வைத்து ஒப்பிட்டு எச்சரிக்கை எழுப்பும் அமைப்பு.” இப்படி எழுதினால் தெளிவில்லை என்ற ஆட்சேபணையும் பெரும்பாலும் தானே விழுந்துவிடும். ‘புத்திசாலித்தனமான முறையில்’, ‘ஏறத்தாழ உடனடியாக’ போன்ற சொற்கள் உங்கள் பழைய கிளெய்ம்களில் நிறைய. எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

இப்படித் திருத்த 59ஆம் பிரிவு இடம் தருகிறது, ஆனால் கறாரான நிபந்தனைகளோடு. திருத்திய கிளெய்ம் பழைய கிளெய்மின் எல்லைக்குள் முழுக்க அடங்க வேண்டும். முதலில் தாக்கல் செய்த விவரணையில் இல்லாத எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது. குறுக்கலாம், அகட்ட முடியாது. படகு எண்ணும் கம்ப ஆட்டமும் விவரணையில் இருப்பதால் தப்பித்தீர்கள். ஆட்டத்தின் வரம்பு எவ்வளவு என்று பத்தியில் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். ஆனால் நான்காம் படத்தில் அளவுகளைக் குறித்திருக்கிறீர்கள். அந்தப் படத்துக்கு நன்றி சொல்லுங்கள். படிப்பவர் செய்து பார்க்கும் அளவுக்கு விவரம் இல்லை என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு அது ஒன்றுதான் இருக்கிறது.

கடிதத்தோடு இணைத்த குறிப்பில், கண்ணாடியில் உப்புப் படிவதை ஒரு சின்ன அகச்சிவப்பு விளக்கால் கண்டுபிடித்து, படிந்த பகுதியைக் கணக்கிலிருந்து ஒதுக்கும் உத்தி ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குப் பிடித்தது அதுதான். தண்ணீருக்குப் பக்கத்தில் கேமரா வைத்து, உப்போடு மல்லுக்கட்டிய யாருக்கும் பிடிக்கும். ஆனால் விண்ணப்பித்த பிறகு செய்தது அது. விவரணையில் ஒரு வரிகூட இல்லை. இந்தப் பதிலில் அதை நுழைக்கப் பார்க்காதீர்கள், உடனே பிடித்துவிடுவார்கள். அதற்கு 54ஆம் பிரிவில் ‘கூடுதல் காப்புரிமை’ என்று தனி வழி இருக்கிறது. மூலக் கண்டுபிடிப்பின் மேம்பாட்டுக்காக நீங்களே இன்னொரு விண்ணப்பம் போடலாம். உங்கள் மூல விண்ணப்பம் ஏற்கனவே வெளியாகிவிட்டது. இருந்தாலும், அதைவிட இது பெரிய தாவலா என்ற கேள்வியை வைத்து இதைச் செல்லாததாக்க முடியாது. மூலக் காப்புரிமை முடியும் அன்றே இதுவும் முடியும், தனியாகப் புதுப்பிப்புக் கட்டணம் கிடையாது. மூலத்துக்கு முன் இதைக் கொடுக்கமாட்டார்கள், ஆகவே முதலில் மூலம் பிழைக்க வேண்டும். விண்ணப்பம் போடும்வரை அந்த உப்பு உத்தியை எந்த வாட்ஸ்அப் குழுவிலும் விளக்காதீர்கள்.

3(கே)யை மூன்றாவதாக வைத்ததற்குக் காரணம், பலரும் நினைப்பது போல அது பூதம் இல்லை. கணித முறை, வணிக முறை, தனித்த கணினி நிரல், அல்காரிதம் ஆகியவை கண்டுபிடிப்பு ஆகா என்பது அந்தப் பிரிவு. ‘தனித்த’ என்பதில்தான் உங்கள் வழி இருக்கிறது. 2019 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் ஃபெரிட் அல்லானி வழக்கில், இன்றைக்குக் கார், வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றுக்குள்ளும் நிரல் இருக்கிறது, நிரல் இருப்பதாலேயே ஒரு கண்டுபிடிப்பைத் தள்ளிவிட முடியாது, தொழில்நுட்ப விளைவோ பங்களிப்போ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றது. எதிரில் உள்ள படகின் அசைவைக் கணக்கில் எடுத்து, கேமரா தவறாக அலறுவதைக் குறைப்பது தொழில்நுட்ப விளைவுதான். அதை எண்ணோடு காட்டுங்கள். ஜெட்டியில் ஓடிய மாதங்களின் பதிவுகள் உங்களிடம் இருக்கும். படகுப் பொருத்தம் போடுவதற்கு முன் இரவுக்கு எத்தனை பொய் எச்சரிக்கை, பின் எத்தனை என்று உள்ளது உள்ளபடி எடுத்து, பிரமாணப் பத்திரமாகக் கொடுங்கள். எண்களை மெருகேற்ற வேண்டாம், சுமாரான எண்ணே போதும்.

அந்தக் கன்சல்டன்ட் சொல்லும் ஹார்டுவேர் வைத்தியத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2016இல் வந்த காப்புரிமை அலுவலக வழிகாட்டுதலில் புதிய ஹார்டுவேர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். 2017இல் அதை எடுத்துவிட்டார்கள். 2025இலும் வழிகாட்டுதலைப் புதுப்பித்துவிட்டார்கள். இன்னமும் ‘மெமரி ஒன்று, பிராசஸர் ஒன்று, டிஸ்ப்ளே ஒன்று’ என்று வரிசையாக எழுதித் தருவதில் பயன் ஒன்றும் இல்லை, பக்கம் கூடினால் கட்டணம்தான் கூடும். உங்கள் சாய்வு சென்சார் வேறு: அது அளப்பதுதான் கற்பதை நிறுத்துகிறது. அப்படி வேலை செய்யும் ஹார்டுவேரை எழுதுங்கள், சும்மா நிற்பதை எழுதாதீர்கள்.

காப்பிரைட் என்று நண்பர் சொல்வது பாதி சரி. நீங்கள் எழுதிய நிரலுக்கு எழுதிய அன்றே காப்பிரைட் வந்துவிட்டது. பதிவு செய்வது உங்கள் விருப்பம். அது காப்பது நிரலின் எழுத்தை, உத்தியை அல்ல. அதே உத்தியை வேறொருவர் தானாக வேறு வரிகளில் எழுதினால் ஒன்றும் செய்ய முடியாது. உப்புக்காற்றுக்கு நீங்கள் வடிவமைத்த அந்தக் கூம்பு உறையின் தோற்றத்துக்கு டிசைன் பதிவு கேட்டிருக்கலாம், ஆனால் கண்காட்சியில் எல்லாரும் பார்த்தாகிவிட்டதே.

கண்காட்சி என்றதும் ஞாபகம் வருகிறது. இதை எதிராளி தோண்டக்கூடும். கண்காட்சிகளில், 31ஆம் பிரிவு காப்பாற்றுவது மத்திய அரசு அரசிதழில் அறிவித்தவற்றை மட்டும்தான். கல்லூரி விழா அதில் வராது. ஆனால் அங்கே பெட்டியை மூடிவைத்து, பையை வைத்தால் மணி அடிக்கும் என்று மட்டும் காட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். மேசை மேல் படகும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. அப்படியானால் புதிய முதல் கிளெய்மில் உள்ள எதுவும் அங்கே வெளிப்படவில்லை. அன்று ஒட்டிய போஸ்டரின் நகலை மட்டும் தேடி எடுத்துப் பாருங்கள். மாணவர்கள் ஆர்வத்தில் எல்லாவற்றையும் படம் போட்டு எழுதிவிடுவார்கள்.

ஜெட்டியில் ஓட்டியது வேறு கணக்கு. அங்கே படகு எண் உத்தியே ஓடியது, ஊரே பார்த்தது. இதற்கென்றே 32ஆம் பிரிவு இருக்கிறது: விண்ணப்பத்துக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள், நியாயமான சோதனைக்காக மட்டும், கண்டுபிடிப்பின் தன்மையால் பொதுவில்தான் சோதிக்க முடியும் என்ற நிலையில் செய்தது குற்றமாகாது. படகுகளைக் கண்காணிக்கும் கேமராவை வீட்டு மொட்டை மாடியில் வைத்துச் சோதிக்க முடியாதுதானே. நான்கு மாதம் என்பது வரம்புக்குள். ஆனால் அந்த நான்கு மாதத்தில் படகுக்காரர்களிடம் மாதக் கட்டணம் ஏதாவது வாங்கினீர்களா? கடிதத்தில் அதைச் சொல்லவில்லை. டீ செலவுக்கு என்று கொடுத்தது பரவாயில்லை. ரசீது போட்டு வாங்கியிருந்தால் பதில் அனுப்புவதற்கு முன் யாராவது காப்புரிமை ஏஜென்டிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

அக்னி தீர்த்தத்தைப் பற்றி. 2006 கருத்தரங்கில் வைத்த விதி, பைக்குச் சொந்தக்காரர் மூன்று மீட்டருக்கு அப்பால் போய் முப்பது வினாடி ஆனால் பை கைவிடப்பட்டது என்பது. தை அமாவாசை அன்று அக்னி தீர்த்தத்தில் இந்த விதியைப் போட்டால் கரையில் உள்ள அத்தனை பைக்கும் மணி அடிக்கும். பையை வைத்துவிட்டுத்தான் எல்லாரும் கடலுக்குள் இறங்குகிறார்கள். நீங்கள் முப்பது வினாடியை முப்பது நிமிடமாக மாற்றப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். வியாபாரத்துக்கு அது சரியாக இருக்கலாம், காப்புரிமைக்கு ஒரு எண்ணை மாற்றுவது ஒன்றுமே இல்லை. அதோடு, ஈரத்துணியோடு பெண்கள் கரையேறும் இடம் அது. கேமரா பை வைக்கும் திண்ணையைப் பார்க்கட்டும், படியைப் பார்க்க வேண்டாம். சட்டச் சிக்கலைப் பிறகு பார்ப்போம், முதலில் ஊர்க்காரர்களே கழற்றி எறிந்துவிடுவார்கள்.

எழுத்துப் பதிலுக்குப் பிறகும் கன்ட்ரோலருக்குத் திருப்தி இல்லை என்றால் விசாரணைக்கு அழைப்பார். வீடியோவில்தான் நடக்கும், கிண்டிக்கு வர வேண்டாம். நீங்களே பேசலாம். படகுப் பொருத்தம் இருக்கும்போதும் இல்லாதபோதும் ஒரே இரவின் காட்சி எப்படி இருக்கிறது என்று இரண்டு படங்களைத் தயாராக வைத்திருங்கள். பேசி முடித்ததும் பதினைந்து நாளுக்குள் அதையே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். மறுத்துவிட்டால் மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு. இதற்கென இருந்த தீர்ப்பாயத்தை 2021இல் கலைத்துவிட்டார்கள். அந்தச் செலவுக்கு இந்தக் கேமரா தாங்குமா என்பதை அப்போது யோசிக்கலாம்.

கடைசியாக உங்கள் மச்சான். கன்சல்டன்ட் சொன்னது தவறு, அதுவும் ஆபத்தான தவறு. நான் மேலே சொன்னபடி திருத்தினால், உங்கள் முதல் கிளெய்ம் நிற்பதே அவர் சொன்ன யோசனையின் மேல்தான். நிரலை எழுதியது நீங்கள், சரி. ஆனால் ‘நம்பர் படகோடு சேர்ந்துதானே ஆடும், அதைப் பிடிச்சுக்கோ’ என்றவர் கண்டுபிடிப்பின் கருவைக் கொடுத்தவர். எட்டாவது படித்தாரா, எம்.டெக். படித்தாரா என்று சட்டம் கேட்பதில்லை. உண்மையான கண்டுபிடிப்பாளரை விட்டுவிட்டு வாங்கிய காப்புரிமையை, உரிமையில்லாதவர் பெற்றது என்று காட்டி 64ஆம் பிரிவில் ரத்து செய்யக் கேட்கலாம். உங்களுக்கும் அவருக்கும் நாளைக்கு மனஸ்தாபம் வர வேண்டும் என்றுகூட இல்லை. மூன்றாவது மனிதர் ஒருவர் விஷயம் தெரிந்து கிளப்பினால் போதும்.

28ஆம் பிரிவின் கீழ் ஃபார்ம் 8 கொடுத்து அவரைக் கண்டுபிடிப்பாளராகச் சேர்க்கலாம். காப்புரிமை வழங்குவதற்கு முன் கொடுத்தாக வேண்டும், ஆகவே பரிசோதனைப் பதிலோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள். அவரும் விண்ணப்பதாரராக வருவதா, அல்லது தன் உரிமையை உங்களுக்கு எழுதிக்கொடுப்பதா என்பதை இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். சேர்ந்து விண்ணப்பித்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை 50ஆம் பிரிவின்படி ஆளுக்குச் சமபங்கு. இருவரும் தனித்தனியாகச் செய்து விற்கலாம், ஆனால் மூன்றாமவருக்கு உரிமம் கொடுக்க மற்றவரின் சம்மதம் வேண்டும். விண்ணப்பதாரராகச் சேர்ப்பதானால் ஃபார்ம் 1ஐத் திருத்த ஃபார்ம் 13 போட வேண்டும். எழுதிக்கொடுப்பதானால் தொகையையும் குறிப்பிட்டு முத்திரைத்தாளில் எழுதுங்கள். அவர் கடலுக்குப் போய்விட்டால் ஆளைப் பிடிப்பது கஷ்டம், கரையில் இருக்கும் நாளாகப் பார்த்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.